லாக்ஸ்டனின் வேலியில்லா வயல்கள்

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில் உள்ள லாக்ஸ்டன் என்ற சிற்றூரைக் காலம் கவனிக்காமல் விட்டுப்போன ஊர் என்று வருணிப்பது பயண நூல்களின் வழக்கம். கேட்க இனிமைதான், சான்றுகளோ வேறு கதை சொல்கின்றன. நாடாளுமன்றம் 1604 முதல் 1914 வரை 5,200-க்கும் மேற்பட்ட சட்டங்கள் இயற்றி, சுமார் 68 லட்சம் ஏக்கர் பொது வயல்களுக்கும் மேய்ச்சல் நிலங்களுக்கும் வேலியிட வழி செய்தது. அந்த அலையில் மேற்கு வயல், தெற்கு வயல், காற்றாலை வயல் என்ற மூன்று திறந்தவெளிகளையும் லாக்ஸ்டன் இழக்காமல் நின்றது. இதற்குக் காரணம் ஊரின் மறதி அல்ல, அதன் நிர்வாகம் என்பதே என் கருத்து.

மண்ணே காரணம் என்பார் உண்டு. இங்குள்ள செங்களிமண் இறுக்கமானது. எருதுகள் பூட்டிய கனத்த கலப்பையை அடிக்கடி திருப்ப முடியாததால் நிலம் நீண்ட பட்டைகளாகப் பிரிந்தது. பட்டைகள் பிறந்த விதத்தை இது விளக்கும், பிழைத்த விதத்தை விளக்காது. இதே களிமண் கொண்ட எத்தனையோ ஊர்கள் வேலிக்குள் போயின. பெருநிலக்கிழார்களான மான்வர்ஸ், ஸ்கார்பரோ பிரபுக்களின் நிலங்கள் ஒன்றோடொன்று கலந்து கிடந்ததும் வேலியடைப்பைத் தள்ளிப்போட்டிருக்கும். ஆனால் தள்ளிப்போடுவது வேறு, ஆண்டுதோறும் நடத்திக் காட்டுவது வேறு. மாறாத பழமை என்ற பேச்சும் நிற்காது. 1635-இல் மார்க் பியர்ஸ் அளந்து வரைந்த வரைபடத்தில், உழவரும் அறுவடைக்காரரும் நுணுக்கமாகத் தீட்டப்பட்ட வயல்களினூடே, ஏற்கெனவே வேலியடைத்த நிலங்களும் தெரிகின்றன. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பட்டைகள் இணைக்கப்பட்டு எண்ணிக்கையில் வெகுவாகக் குறைந்தன. ஊர் மாறிக்கொண்டேதான் வந்தது. விடாமல் பிடித்துக்கொண்டது முறையை மட்டுமே.

அந்த முறையை நவம்பர் இறுதியில் பார்க்கலாம். மூன்று வயல்களில் ஒன்று கோதுமைக்கு, ஒன்று வசந்தகாலப் பயிருக்கு, ஒன்று தரிசுக்கோ தீவனத்துக்கோ என ஆண்டுதோறும் சுழலும். அவ்வாண்டு கோதுமை விதைத்த வயலை, அங்கே உழும் குடியானவர்களே ஜூரியாகச் சுற்றிவந்து, எல்லை மங்கிய இடத்தில் மர முளை அடிக்கிறார்கள். பொதுப்பாதையிலோ புல்வெளியிலோ யாருடைய ஏர் ஏறியிருக்கிறது என்று குறித்துக்கொள்கிறார்கள். அடுத்த வாரம் டவ்கோட் விடுதியில் ஊர் நீதிமன்றம் கூடி அபராதம் விதிக்கிறது. பழைய பண்ணை நீதிமன்றங்களின் அதிகாரத்தை 1977-ஆம் ஆண்டுச் சட்டம் நாடெங்கும் பறித்தபோதும் லாக்ஸ்டனுக்கு விலக்கு அளித்தது.

இன்று இது வெறும் காட்சிப்பொருள், உரிமையாளரின் தயவில் நிற்பது என்று சொல்லக்கூடும். 1952-இல் வேளாண் அமைச்சகம் ஊரை வாங்கியது, 1981-இல் அரச எஸ்டேட்டுக்குப் போயிற்று, 2020-இல் தோர்ஸ்பி எஸ்டேட்டுக்குக் கைமாறியது என்பதெல்லாம் உண்மையே. ஆனால் 1952-க்கு முன் அரசின் பாதுகாப்பு எதுவும் இல்லாமலேயே நூற்றாண்டுகள் கடந்திருக்கின்றன. அபராதமும் அற்பத் தொகைதான். டிராக்டர் வைத்திருப்பவரை அது தடுக்காது. தடுப்பது, பக்கத்துப் பட்டைக்காரர் அடுத்த முறை ஜூரியாக முளையோடு வருவார் என்ற நினைப்பு.