முதலில் வெட்டு, பிறகு கோடு

இயந்திரப் பொறியியல் படிக்கிற பிள்ளைகள் 'கேட்-கேம்' என்று ஒரே மூச்சில் சொல்கிறார்கள், ராம லக்ஷ்மணர்கள் என்று சொல்வது போல. கம்ப்யூட்டரின் துணையோடு ஒரு பொருளை வரைவது கேட். கம்ப்யூட்டரின் துணையோடு அதை உலோகத்தில் செய்து எடுப்பது கேம். வரைந்த பிறகுதானே செய்ய முடியும்? ஆகவே வரைகிறவன் மூத்தவன், வெட்டுகிறவன் இளையவன் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் எதிர்பார்த்துப் புத்தகங்களைப் புரட்டினேன். ஆனால் வாஸ்தவத்தில் வரிசை தலைகீழாக இருக்கிறது. வெட்டுகிறவன் பிறந்து சுமார் பத்து வருஷம் கழித்துத்தான் வரைகிறவன் பிறந்தான். அதுவும் மூத்தவனுக்குத் தீனி போட்டு மாளவில்லை என்பதற்காகவே பிறந்தான். கதை எழுதுகிறவனுக்கு இப்படிப்பட்ட சங்கதிகளில் ஒரு சபலம் உண்டு. ஆகையால் இதை எழுதுகிறேன்.

கதை அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில், டிராவர்ஸ் ஸிடி என்ற ஏரிக்கரை ஊரில் ஆரம்பமாகிறது. அங்கே ஜான் பார்ஸன்ஸ் என்று ஒருவர் இருந்தார். 1913-ல் பிறந்தவர், காலேஜ் படிப்பு இல்லை, தகப்பனாரின் தொழிற்சாலையில் பழகித் தேறியவர். இரண்டாவது உலக யுத்தத்தின் போது ஹெலிகாப்டர் என்ற புதுப் பறவை கிளம்பிற்று. அதன் தலைமேல் சுழலும் நீண்ட அலகுகளைச் செய்து கொடுக்கும் வேலையை ஸிகோர்ஸ்கி கம்பெனியிடமிருந்து பார்ஸன்ஸ் வாங்கினார்.

அலகை வெட்டிப் பார்த்தால் குறுக்குவெட்டு ஒரு மீன் மாதிரி இருக்கும். முன்புறம் பருத்து, பின்புறம் வால் போல மெலிந்து போகும். அந்த வளைவில் கொஞ்சம் பிசகினாலும் காற்று ஒத்துழைக்காது. வளைவு சரியாக இருக்கிறதா என்று பார்க்கவும், உள்ளே வைக்கும் சட்டங்களை அந்த உருவில் செய்யவும், உலோகத் தகட்டில் ஓர் அச்சு வெட்டிக் கொள்ள வேண்டும். ஸிகோர்ஸ்கி கம்பெனி கொடுத்த படத்தில் வளைவுக்கு அடையாளமாகப் பதினேழு புள்ளிகள் இருந்தன. பதினேழையும் சேர்த்து வழுவழுவென்று கோடு இழுக்க வேண்டியது டிராப்ட்ஸ்மனின் பொறுப்பு. அதை அரத்தால் ராவி எடுக்க வேண்டியது தொழிலாளியின் பொறுப்பு. வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடுகிறவர்களுக்கு இது புரியும். புள்ளி எல்லாருக்கும் ஒன்றுதான். இழை கைக்குக் கை மாறும். கோலத்தில் அது அழகு. ஆகாயத்தில் பறக்கிற சாமானில் அப்படிச் சொல்லிவிட முடியாது.

யுத்தம் முடிந்த பின் பார்ஸன்ஸிடம் பிராங்க் ஸ்டூலன் என்ற இளம் என்ஜினீயர் வந்து சேர்ந்தார். துளையிட்ட அட்டைகளால் கணக்குப் போடும் ஐ.பி.எம். யந்திரங்களைக் கொண்டு அலகின் உறுதியைக் கணக்கிடலாம் என்று அவர் யோசனை சொன்னார். கம்பெனிகளின் வரவு செலவுக்கென்று ஏற்பட்ட யந்திரங்கள் அவை. பார்ஸன்ஸ் ஒரு கேள்வி கேட்டார்: இதே அட்டைகளை வைத்துக் கொண்டு பதினேழு புள்ளிகளை இருநூறு புள்ளிகளாக்க முடியுமா? முடியும் என்றார் ஸ்டூலன்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. வெட்டுகிற கருவிக்குப் பருமன் உண்டு. கருவியின் மையத்தைக் கோட்டின் மேலேயே ஓட்டினால், அதன் பாதிப் பருமன் பொருளுக்குள் இறங்கி அளவைத் தின்றுவிடும். ஆகவே கருவியின் மையம் கோட்டுக்கு வெளியே, தன் ஆரத்தின் அளவு விலகி நடக்க வேண்டும். தையல்காரர் தையலுக்கென்று துணி விட்டுக் கத்தரிப்பதில்லையா, அது போலத்தான். ஸ்டூலனின் அட்டவணையில் இருந்த எண்கள் வளைவின் எண்கள் அல்ல; விலகி நடக்கும் கருவியின் எண்கள்.

அட்டவணை பட்டறைக்குப் போயிற்று. ஒருவர் எண்களை ஓதுவார். மற்றொருவர் ஒரு திசைக்கான கைப்பிடியைத் திருப்புவார். மூன்றாமவர் குறுக்குத் திசைக்கான கைப்பிடியைத் திருப்புவார். இடம் வந்ததும் கருவியை இறக்கி ஒரு வெட்டு. பிறகு அடுத்த எண். வெட்டி முடித்த தகட்டின் ஓரம் சின்னச் சின்னப் பல்வரிசையாக இருக்கும். அரத்தால் லேசாகத் தடவினால் போதும், அசல் வளைவு வந்துவிடும். மூன்று மனிதர்கள் சேர்ந்து ஆடிய இந்த ஆட்டம்தான் இன்றைக்குப் பட்டறைகளில் தானே ஓடுகிற யந்திரங்களுக்கெல்லாம் பாட்டன் என்று சொல்ல வேண்டும். மூவரையும் எடுத்துவிட்டு, அட்டையே கைப்பிடியைத் திருப்பினால் என்ன என்று பார்ஸன்ஸுக்குத் தோன்றியதில் ஆச்சரியமில்லை.

1949-ல் அமெரிக்க விமானப் படை அந்த யோசனைக்குப் பணம் கொடுத்தது. யந்திரத்தைச் சொன்ன இடத்தில் துல்லியமாக நிறுத்தும் வித்தை தெரிந்தவர்களை நாடி, பார்ஸன்ஸ் மாஸசூஸெட்ஸில் உள்ள எம்.ஐ.டி.யின் ஆராய்ச்சிச் சாலைக்குப் போனார். (அதே 1949-ல்தான் நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யும் தொடங்கிற்று, இரண்டுக்கும் பெயர்ப் பொருத்தம் தவிர வேறு சம்பந்தமில்லை.) பார்ஸன்ஸ் வேண்டியது பட்டறைக்காரரின் யந்திரம்: எளியது, புள்ளி புள்ளியாக வெட்டுவது. ஆராய்ச்சிக்காரர்களுக்கு அது போதவில்லை. மூன்று திசைகளிலும் ஒரே சமயத்தில் இடைவிடாமல் நகர்ந்து, எந்த வளைவையும் செதுக்கும் யந்திரம் வேண்டும் என்றார்கள். பெரிய இடத்துச் சம்பந்தத்தில் பெண் வீட்டார் ஒதுங்கிப் போவது போல, சிறிது காலத்தில் பார்ஸன்ஸ் ஒதுக்கப்பட்டார். விமானப் படை எம்.ஐ.டி.யோடு நேராகவே ஒப்பந்தம் செய்து கொண்டது.

1952 செப்டம்பரில் யந்திரம் வெளியாருக்குக் காட்டப்பட்டது. ஸின்ஸினாட்டி கம்பெனியின் ஒரு பெரிய மில்லிங் யந்திரம். அதன் பக்கத்தில் நூற்றுக்கணக்கான வால்வுகள் அடங்கிய அலமாரிகள். அவற்றுக்குள் ஓடும் துளையிட்ட காகித நாடா. துளைகளின் வரிசைதான் எண். எண் சொன்ன இடத்துக்குக் கருவி வந்ததா என்பதை யந்திரமே கணத்துக்குக் கணம் அளந்து, வரவில்லையென்றால் தன்னைத் திருத்திக் கொண்டது. பார்ஸன்ஸும் ஸ்டூலனும் அந்த வருஷம் மே மாதமே பேடண்டுக்கு மனுப் போட்டிருந்தார்கள். 1958-ல் அது கிடைத்தது. 1985-ல் அமெரிக்க அரசாங்கத்தின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் இருவருக்கும் வழங்கப்பட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்தாலும், உயிரோடிருக்கும் போதே வந்ததே என்று சந்தோஷப்பட வேண்டியதுதான்.

அதே 1952-ல் என் ஜாதிக்காரர் ஒருவர் இந்த விஷயத்தில் தலையிட்டார். கர்ட் வானெகட் என்ற நாவலாசிரியரைச் சொல்கிறேன். எழுத்தை நம்பி இறங்குவதற்கு முன் அவர் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் விளம்பர இலாகாவில் வேலை பார்த்தார். ஜெட் என்ஜின் பாகங்களைத் தானாகவே செதுக்கும் யந்திரம் ஒன்றை அங்கே கண்டார். அதிலிருந்து பிறந்ததுதான் அவருடைய முதல் நாவலான 'பிளேயர் பியானோ'. அதில் ரூடி ஹெர்ட்ஸ் என்று ஒரு கடைசல் தொழிலாளி வருகிறான். என்ஜினீயர்கள் அவனுடைய கை அசைவுகளை நாடாவில் பதிந்து கொள்கிறார்கள். பிறகு ரூடி வேண்டாம். அவனுடைய நாடா மட்டும் யந்திரங்களை ஓட்டிக் கொண்டிருக்கிறது. தன் கையைத் தேர்ந்தெடுத்தார்களே என்று ரூடி பெருமைப்படுகிறான். அந்தப் பெருமைதான் படிப்பவர் மனத்தை அறுக்கிறது.

கற்பனை என்று இதைத் தள்ளிவிட முடியாது. தொழிலாளி ஒரு தடவை செய்வதைப் பதிந்து, யந்திரத்தைக் கொண்டு திரும்பச் செய்விக்கும் முறை உண்மையிலேயே ஜெனரல் எலெக்ட்ரிக்கில் செய்து பார்க்கப்பட்டது. டேவிட் நோபிள் என்ற சரித்திராசிரியர் 1984-ல் எழுதிய ஒரு பெரிய புத்தகத்தில் இதை விசாரிக்கிறார். பதிவு முறையில் வித்தை தொழிலாளியிடமே இருக்கும். எண் முறையில் அது பட்டறையை விட்டு மாடியில் இருக்கும் ஆபீஸுக்குப் போய்விடும். முதலாளிகளும் ராணுவமும் எண்ணைத் தேர்ந்தெடுத்ததற்குத் தொழிலாளியின் மேல் இருந்த அவநம்பிக்கையும் ஒரு காரணம் என்பது அவர் வாதம். என் அபிப்பிராயத்தில் இது முக்கால்வாசி சரி. கால்வாசி சரியில்லை, ஏனென்றால் எந்தக் கையாலும் ஒரு தடவை கூட வெட்ட முடியாத வளைவுகளே விமான இறக்கைக்கு வேண்டியிருந்தன. வெட்டாததை எப்படிப் பதிவது? ஆனால் சாதாரணச் சாமான்களுக்கும் அதே எண்ணை வற்புறுத்தினார்களே, அங்கே நோபிளுக்குப் பதில் சொல்லுவது கஷ்டம்.

மாடிக்குப் போன வித்தை அங்கே சுகமாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. யந்திரம் நிமிஷத்தில் வெட்டி முடிப்பதற்கு, மனிதர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்து எண் தயாரிக்க வேண்டியிருந்தது. கும்பகர்ணனுக்குச் சமைக்கிற கதைதான். இந்தச் சமையலைக் கம்ப்யூட்டரிடமே விட்டுவிட எம்.ஐ.டி.யில் டக்ளஸ் ராஸ் என்பவரின் தலைமையில் ஒரு பாஷை உண்டாக்கினார்கள். அதன் பெயர் ஏ.பி.டி. 'இந்தக் கோட்டை ஒட்டிப் போ, அந்த வட்டத்தில் திரும்பு' என்கிற தோரணையில் எழுதிக் கொடுத்தால் போதும்; கம்ப்யூட்டர் எண்களைக் கணக்கிட்டு நாடாவாக்கும். 1959 பிப்ரவரியில் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு இதை அறிவித்தார்கள். அந்தப் பாஷையில் கட்டளையிட்டு வெட்டிய அலுமினியச் சாம்பல் கிண்ணங்களை ஞாபகார்த்தமாகக் கொடுத்தார்கள். விமானப் படையின் கோடானுகோடிப் பணத்துக்குக் கைமேல் கண்ட பலன் சிகரெட் சாம்பல் தட்ட ஒரு கிண்ணம்!

எழுதிக் கொடுப்பதாவது ஏன், வரைந்தே காட்டினால் என்ன? இந்தக் கேள்வி அப்புறம்தான் வந்தது. அந்த வருஷக் கடைசியிலேயே ராஸும் ஸ்டீவன் கூன்ஸ் என்ற பேராசிரியரும் கம்ப்யூட்டர் துணை கொண்டு வடிவமைக்கும் ஆராய்ச்சியைத் தொடங்கினார்கள். 1963-ல் ஐவன் ஸதர்லண்ட் என்ற இருபத்தைந்து வயதுக்கு உட்பட்ட மாணவர், 'ஸ்கெட்ச்பேட்' என்ற தம் ஆராய்ச்சியை டாக்டர் பட்டத்துக்குச் சமர்ப்பித்தார். ஒளிப் பேனாவால் கண்ணாடித் திரையில் கோணல்மாணலாகக் கோடிட்டு, 'இவை இரண்டும் இணைகோடுகள்' என்று சொன்னால், கோடுகள் தாமே நிமிர்ந்து இணைகோடுகளாகும். வரைகிறவன் அன்றைக்குத்தான் பிறந்தான் என்று வைத்துக் கொள்ளலாம்.

வெட்டு முன்னே, கோடு பின்னே என்ற இந்த வரிசை சும்மா வேடிக்கைக்கு அல்ல. இன்றைக்குத் திரையிலேயே பாடம் தொடங்குகிற மாணவன் ஒரு சதுரக் குழியை வரைகிறான். நான்கு மூலைகளும் கத்தி முனையாக அமைகின்றன. திரை ஆட்சேபிப்பதில்லை. யந்திரத்துக்குப் போனதும், சுழல்கிற உருண்டைக் கருவி எந்த உள்மூலையிலும் தன் ஆரத்தின் அளவுக்கு வளைவை விட்டுவிட்டுத்தான் வரும். அரம் பிடித்த தொழிலாளிக்கு இது கேள்வியே அல்ல. ஸ்டூலனின் அட்டவணையில் முதல் நாளே இருந்த விஷயம். இந்த மாணவன் கடைசியில்தான் அதைச் சந்திக்கிறான்.

பிரான்ஸில் நடந்ததும் இப்படித்தான். அங்கே கார்களின் வெளித்தோற்றத்துக்குக் களிமண்ணில் மாதிரி செய்வார்கள், அதிலிருந்து படம், படத்திலிருந்து தகட்டச்சு, அதிலிருந்து பெரிய மாதிரி. கை மாறும் தோறும் உருவம் கொஞ்சம் மாறும். எது அசல் என்று சண்டை வரும். ரெனோ கம்பெனியில் பியர் பெஸியே (1910-1999) இதற்கு முடிவு கட்ட நினைத்தார். அவர் ஓவியர் அல்ல. பட்டறை யந்திரங்களை வடிவமைத்தே நரைத்த என்ஜினீயர். 1960-களில் அவர் உருவாக்கிய 'யூனிஸர்ப்' என்ற முறையில், நான்கு புள்ளிகள் வைத்தால் கோடு முதல் புள்ளியில் புறப்பட்டுக் கடைசிப் புள்ளியில் முடியும். நடுப் புள்ளிகள் இரண்டையும் தொடாது. அவற்றின் பக்கம் இழுபட்டு வளையும். சிக்குக் கோலத்தில் இழை புள்ளியைத் தொடாமலே அதற்குக் கட்டுப்படுகிறதல்லவா? நடுப் புள்ளியை நகர்த்தினால் வளைவு பின்தொடரும். கணிதம் தெரியாத கலைஞரும் கையாளலாம். அதே எண்கள் வெட்டுகிற யந்திரத்துக்கும் போகும். உலகமெங்கும் அதற்குப் 'பெஸியே வளைவு' என்று பெயர் நிலைத்தது. இன்று அச்சு எழுத்துக்களின் வளைவுகள் கூட அந்த வம்சந்தான்.

ஆனால் ஸிட்ரோயன் கம்பெனியில் பால் த காஸ்தல்ஜோ என்ற இளம் கணித நிபுணர் 1958-ல் சேர்ந்து, 1959-லேயே இதே வளைவைக் கண்டுபிடித்து எழுதி வைத்திருந்தார். போட்டிக் கம்பெனிக்குத் தெரியக் கூடாதென்று அவருடைய குறிப்புகளைப் பூட்டி வைத்துவிட்டார்கள். 1970-களின் நடுவில்தான் வெளியே உள்ள கணித அறிஞர்களின் கையில் அவை சிக்கின. அதற்குள் பெயர் சூட்டியாகிவிட்டது. வளைவைப் புள்ளி புள்ளியாகக் கணக்கிடும் வழிக்கு மட்டும் காஸ்தல்ஜோவின் பெயரை வைத்தார்கள். அவர் 2022-ல், தம் தொண்ணூற்றோராவது வயதில் காலமானார்.