நஞ்சுக் காளான்: ஏமாற்றும் விளையாட்டுகளின் வரலாறு



ஓய்வு நேரத்தில் மாணவர்கள் கூடிப் பேசும்போது அண்மைக் காலமாக ஒரு வகை விளையாட்டு அடிக்கடி காதில் விழுகிறது. அதில் ஒரு சிறிய உருவம் கதவை நோக்கி ஓட வேண்டும். கதவு அருகிலேயே இருக்கும். தடையேதும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இரண்டடி வைத்ததும் தரை விலகும். அடுத்த முறை அந்தக் குழியைத் தாண்டினால், கதவே இடம் மாறிவிடும். 'லெவல் டெவில்' என்பது அவ்விளையாட்டின் பெயர். "இப்படி ஏமாற்றுவதில் பிள்ளைகளுக்கு என்ன இன்பம்?" என்று பெற்றோர் சிலர் வினவுகின்றனர். நல்ல வினா. விடை காண வேண்டுமெனில் நாற்பது ஆண்டு வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்க வேண்டும்.

சொல்லாமல் கற்பித்த முதல் கட்டம்

திட்டுக்குத் திட்டு தாவிச் செல்லும் வீடியோ விளையாட்டுகளைப் 'பிளாட்ஃபார்ம்' விளையாட்டுகள் என்பர். 1981-ஆம் ஆண்டு ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட 'டாங்கி காங்' இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. அதை வடிவமைத்தவர் ஷிகேரு மியமோட்டோ. உருண்டு வரும் பீப்பாய்களைத் தாண்டி ஏணி ஏற வேண்டும். அக்காலத்தில் இவை காசு போட்டு ஆடும் இயந்திரங்கள். ஆகவே, ஆட்டக்காரர் விரைவில் தோற்றால்தான் அடுத்த காசு விழும்.

1985 செப்டம்பர் 13-ஆம் நாள் வெளிவந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' இந்நிலையை மாற்றியது. இது வீட்டில் ஆடுவதற்கு உரியது. மியமோட்டோவும் தகாஷி தெசுகாவும் சேர்ந்து உருவாக்கிய இந்த விளையாட்டு 4 கோடிக்கும் மேல் விற்பனையானது. இதன் முதல் கட்டத்தை ஆசிரியர்கள் ஒருமுறையேனும் கவனித்துப் பார்க்க வேண்டும். மாரியோ திரையின் இடப்புறம் நிற்பான். வலப்புறம் வெறுமையாக இருக்கும். ஆகவே வலப்பக்கம் செல்ல வேண்டும் என்பது தானே விளங்குகிறது. சிறிது தொலைவில் ஒரு பகையுருவம் நடந்து வரும். மோதினால் மாரியோ இறப்பான். தொடங்கிய இடம் மிக அருகில் இருப்பதால் இழப்பொன்றும் இல்லை. மறுமுறை தாவிப் பார்க்கத் தோன்றும். பின்னர் கேள்விக்குறிப் பெட்டியை முட்டினால் ஒரு காளான் வெளிவரும். அது குழாயில் மோதித் திரும்பி மாரியோவை நோக்கியே வரும். அஞ்சி விலக நினைத்தாலும் மேலே உள்ள கற்கள் தடுக்கும். காளான் பட்டதும் மாரியோ பெரியவனாகிறான். காளான் நல்லது என்பதை ஒரு சொல்லும் இல்லாமல் பிள்ளை கற்றுக்கொள்கிறது. இவையனைத்தும் திட்டமிட்டே அமைக்கப்பட்டவை என்று மியமோட்டோ பின்னாளில் விளக்கியுள்ளார்.

கற்றதைக் கவிழ்த்த இரண்டாம் பாகம்

மறு ஆண்டே, 1986 ஜூன் மாதம், ஜப்பானில் இரண்டாம் பாகம் வந்தது. முதல் பாகத்தில் தேர்ந்தவர்களுக்கென்றே அமைந்த அதில் நஞ்சுக் காளான் ஒன்று புதிதாக இருந்தது. அதே வகைப் பெட்டியிலிருந்துதான் அதுவும் வரும்; தொட்டால் தீங்கு. இதையும் முதல் கட்டத்திலேயே வைத்துவிட்டனர். முதல் பாகத்தில் குறுக்குவழிக் குழாய்கள் நம்மை முன்னே கொண்டு சென்றன. இரண்டாம் பாகத்திலோ, மூன்றாம் உலகத்தில் அரும்பாடுபட்டுக் கண்டுபிடிக்கும் குறுக்குவழி ஒன்று நம்மை முதல் உலகத்திற்கே திருப்பி அனுப்பிவிடும்!

அமெரிக்க நிண்டெண்டோவில் விளையாட்டுகளைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பில் இருந்த ஹோவர்ட் ஃபிலிப்ஸ் இதை ஆடிப் பார்த்து, இன்பத்தைவிடத் தண்டனையே மிகுதி என்று கருதினார். ஆகவே அது அங்கே வெளியிடப்படவில்லை. வேறொரு ஜப்பானிய விளையாட்டில் மாரியோவைப் பொருத்தி, 1988-இல் 'இரண்டாம் பாகம்' என்ற பெயரில் விற்றனர். அசல் இரண்டாம் பாகம் 1993-இல்தான், 'தி லாஸ்ட் லெவல்ஸ்' என்னும் பெயரில் ஒரு தொகுப்பின் பகுதியாக அமெரிக்கப் பிள்ளைகளைச் சென்றடைந்தது.

இங்கு நாம் ஓர் உண்மையைக் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் பாகத்தை ஆடாத ஒருவருக்கு நஞ்சுக் காளான் ஏமாற்று வேலையே அன்று. அது மற்றுமொரு பொருள், அவ்வளவே. காளான் நல்லது என்று முன்பே கற்றவர்தான் ஏமாறுவார். விடுகதையும் அப்படித்தானே? சொற்களின் வழக்கமான பொருளை அறிந்த பிள்ளையே அதில் தடுமாறி, பின் விடை கேட்டுச் சிரிக்கும்.

2007: பொறிகள் பெருகிய ஆண்டு

இருபது ஆண்டுகள் கழித்து, 2007-இல், இவ்வகை விளையாட்டுகள் ஒரே காலத்தில் பல இடங்களில் முளைத்தன. ஜப்பானில் ஒருவர் சிக்கு என்னும் புனைபெயரில் 'ஷோபோன் ஆக்‌ஷன்' என்பதை இலவசமாக வெளியிட்டார். பார்ப்பதற்கு மாரியோவைப் போலவே இருக்கும். நாயகன் மட்டும் பூனை முகத்தான். பள்ளத்தைத் தாண்டக் குதித்தால், கண்ணுக்குத் தெரியாத கல்லொன்று தலையில் இடித்துப் பள்ளத்திலேயே தள்ளிவிடும். வானத்து மேகமும் கொல்லும். உயிர்களின் எண்ணிக்கை சுழியத்தோடு நில்லாமல் எதிர்ம எண்ணாகக் கீழே போய்க்கொண்டே இருக்கும்.

அதே ஆண்டு அமெரிக்கரான மைக்கேல் ஓ'ரைலி 'ஐ வான்னா பி த கை' என்பதை வெளியிட்டார். அதில் மரத்திலிருந்து பழம் விழும் என்று அஞ்சி, மேலே ஏறித் தாண்டினால், பழம் மேல்நோக்கி 'விழுந்து' கொல்லும்! மற்றொரு ஜப்பானியர், டாகெமோட்டோ, 'சூப்பர் மாரியோ வேர்ல்ட்' என்னும் பழைய விளையாட்டைத் தம் விருப்பப்படி மாற்றி, அதைத் தம் நண்பர் ஆடித் திண்டாடும் காணொளிகளை இணையத்தில் ஏற்றினார். அதிலிருந்து பிறந்ததே 'கைசோ' என்னும் வகைப்பெயர். மாற்றியமைத்தல் என்பது அச்சொல்லின் பொருள்.

ஏன் 2007? யூடியூப் 2005-இலும் ஜப்பானின் நிக்கோ நிக்கோ 2006-இலும் தொடங்கப்பட்டன என்பதை நினைவில் கொண்டால் காரணம் ஓரளவு புலப்படும். இவ்விளையாட்டுகளில் ஆடுபவர் ஒருவர் என்றால், அவர் விழுவதைப் பார்த்துச் சிரிப்பவர் பலர். பார்வையாளர் இல்லாவிட்டால் பாதிச் சுவை போய்விடும். நம் மாணவர்களும் ஒரு திறன்பேசியைச் சுற்றி நால்வராய் நின்றே இவற்றை ஆடுகின்றனர். தனியே ஆடும் பிள்ளை சினம் கொள்கிறது. கூட்டமாய் ஆடும் பிள்ளை சிரிக்கிறது.

நேர்மையான பொறி எது?

பெற்றோரின் வினாவிற்கு இப்பொழுது வருவோம். இப்பொறிகளில் இரண்டு நேர்மைகள் உள்ளன என்பது என் கருத்து.

முதலாவது, விழுவதற்கு விலை இல்லை. காசு இயந்திரக் காலத்தில் ஒவ்வொரு தோல்விக்கும் பணம் போயிற்று. இன்றைய விளையாட்டில் விழுந்த மறுநொடியே மீண்டும் எழலாம். இரண்டாவது, இவற்றில் பெரும்பாலான பொறிகள் வைத்த இடத்திலேயே இருக்கும். இன்று விலகிய தரை நாளையும் அதே இடத்தில்தான் விலகும். ஆகவே விழுந்தவன் ஒன்றைக் கற்றே எழுகிறான். நினைவாற்றலும் பொறுமையும் அவனை மெல்ல மெல்லக் கதவருகே கொண்டு சேர்க்கின்றன.

2015-இல் நிண்டெண்டோ 'சூப்பர் மாரியோ மேக்கர்' என்பதை வெளியிட்டு, கட்டங்களை அமைக்கும் வேலையை ஆட்டக்காரர்களிடமே ஒப்படைத்தது. அதில் ஒரு விதி இருந்தது. ஒருவர் எத்துணைக் கொடுமையான கட்டத்தையும் அமைக்க முடிந்தது. ஆனால் அதைத் தாமே ஆடி முடித்துக் காட்டினால்தான் பிறருக்கு வெளியிட முடிந்தது. எவராலும் முடியாத ஒன்றைப் பிறர் தலையில் கட்ட இயலவில்லை.

இவ்விடத்தில் ஆசிரியர்களாகிய நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. தேர்வுத்தாளில் மாணவரைத் தடுக்கி விழச்செய்யும் வினாக்களை அமைக்கிறோம். பயிற்சி நூலில் ஒரு வகையாய்ப் பழக்கிவிட்டு, தேர்வில் அதையே திருப்பிப் போடுகிறோம். காளான் நல்லது என்று கற்பித்துவிட்டு நஞ்சுக் காளானை நீட்டுவதற்கு இது ஒப்பானது. பொறி வினாவே கூடாது என்பதன்று என் வாதம். அது சிந்தனையைத் தூண்டும். ஆனால் அதற்குரிய இடம், விழுந்தால் உடனே எழக்கூடிய வகுப்பறைப் பயிற்சியே. புள்ளி குறையும் தேர்வில் விழுகின்ற பிள்ளைக்கு மறுநொடி எழும் வாய்ப்பு இல்லை. 'என்னை ஏமாற்றிவிட்டார்கள்' என்ற எண்ணமே எஞ்சும். அவ்வெண்ணம் பாடத்தின்மீதும், பிறகு நம்மீதும் திரும்பும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை இத்தகைய விளையாட்டில் சினந்து கத்தும்போது கருவியைப் பறிப்பதற்கு முன், ஒருமுறை அருகில் அமருங்கள். "எங்கே, எனக்குக் காட்டு" என்று கேட்டு நீங்களே ஆடிப் பாருங்கள். நீங்கள் முதல் குழியிலேயே விழுவீர்கள். பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கும். அடுத்த பொறி எங்கே இருக்கிறது என்று உங்களுக்குக் கற்பிக்கத் தொடங்கும். நேரக் கட்டுப்பாடு தேவைதான். அதைப் பேசுவதற்கும் அச்சிரிப்பிற்குப் பிந்திய நேரமே ஏற்றது.

வினாத்தாள் அமைக்கும் நண்பர்கள் மாரியோ மேக்கரின் விதியைத் தங்கள் மேசைமீது எழுதி வைத்துக்கொள்ளலாம்: நீ அமைத்ததை நீயே முதலில் கடந்து காட்டு. மாணவருக்குக் கொடுக்கும் அதே நேரத்திற்குள், அவர் கற்றதை மட்டுமே கொண்டு நம்மால் கடக்க இயலுகிறதா என்று பார்த்த பிறகு, தாளை அச்சுக்கு அனுப்புவோம்.