கண்ணோட்டமும் செங்கோலும்

செஞ்சிக் கோட்டைக்கு அணித்தே சிங்கவரம் என்னும் சிற்றூர் உளது. ஆண்டுள்ள குன்றிற் குடைந்த பல்லவர் காலத்துக் குகைக்கோயிலில் அரங்கநாதர் பள்ளிகொண்டுள்ளார். அவர் திருமுகம் ஒருபாற் சாய்ந்திருத்தலைக் காட்டி, தேசிங்குராசன் போர்க்கு விடைகேட்டு நின்ற ஞான்று பெருமாள் உடன்படாது முகந்திருப்பினார் என்று மக்கள் கூறுவர். இது வரலாறன்று. ஆயினும், மாண்ட தலைவனைக் குறித்து நாட்டார் செய்துகொண்ட தீர்ப்பு இதனுள் அடங்கியிருத்தலின் இகழத்தக்கதுமன்று.

வரலாறு சுருங்கியது. ஒளரங்கசீப்பின் ஆணையாற் செஞ்சிக் கோட்டைக்குத் தலைவனாயிருந்த புந்தேலர் குலத்துச் சொரூபசிங் 1714-இல் இறந்தான். மகன் தேஜசிங் தந்தையின் பதவியை மேற்கொண்டான்; இவனே நம் நாட்டார் பாடும் தேசிங்கு. ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகான் இவனது உரிமையை ஏற்றிலன். திறைப் பாக்கியையும் வற்புறுத்தினான். 1714 அக்டோபர் 3-ஆம் நாள் நிகழ்ந்த போரில் தேசிங்கு 22 வயதிலேயே பட்டான். அவன்றன் இசுலாமிய நண்பன் மகபத்கானும் உடன் மாய்ந்தான். மனைவி தீப்பாய்ந்தாள். அவள் நினைவாக நவாபு அமைத்ததே இராணிப்பேட்டை என்பது வழக்கு. ஓலைக் கணக்கில் தீரத்தக்க வழக்கொன்று மானவுணர்ச்சியாற் போராயிற்று. வென்றவனுக்கோ இரக்கம் போர் முடிந்த பின்னரே பிறந்தது போலும்!

இங்ஙனமாயின், ஆள்வோன் உணர்ச்சியை அறவே ஒழித்தல் வேண்டுமோ எனின், வேண்டா என்க. திருவள்ளுவனார் வெகுளாமையைத் துறவறவியலுள் வைத்தார். கண்ணோட்டத்தையோ பொருட்பாலில் அரசியலுள் வைத்தார். அதுவும் யாண்டு? வெருவந்த செய்யாமைக்கும் ஒற்றாடலுக்கும் இடையே! ஒற்றரை ஏவுதற்கு முன்னரே அரசன்பால் இரக்கம் இருத்தல் வேண்டும் என்பது இம்முறைவைப்பால் யாம் கொள்ளுங் கருத்து. முறைசெய்தல் கெடாவகையிற் கண்ணோடுதலையே அவர் விதித்தாராதலின், அது நெகிழ்ச்சியன்று.

இதற்குச் சேக்கிழார் காட்டும் மனுவேந்தன் வரலாறே தக்க சான்று. கன்றை இழந்த ஆவின் துயரைத் தன் துயராகக் கொண்டிலனேல், அவ்வழக்கு அவைக்கு வந்தே இராது. அமைச்சர் கூறிய கழுவாயோடு அமைந்திருக்கும். மைந்தன்பாலும் அவனுக்கு அன்புண்டு. ஈருணர்ச்சிகளுள் வாய்பேசா உயிரின் பக்கம் நின்றதனையே அவன் முறையென்று கொண்டான். அம்முறையின் விலையோ சிறிதன்று. தேரூர்ந்து மைந்தனைக் கொல்லுமாறு ஏவப்பெற்ற அமைச்சன் அதனைச் செய்யலாற்றாது தன்னுயிரை மாய்த்துக்கொண்டான். பின்னர் வேந்தனே தேர் செலுத்தினான்.