வண்ணாரப்பேட்டை 'ஆண்ட'வும் துருக்கிய வேற்றுமை உருபும்

1. முன்னுரை

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளில் 'என்னாண்ட சில்லறை இல்லப்பா' என்பார்கள். துருக்கியில் இதையே 'பெந்தெ பொஸூக் பாரா யொக்' என்பார்கள். 'பென்' நான், 'தெ' இடப்பொருள் உருபு, 'பொஸூக் பாரா' சில்லறை, 'யொக்' இல்லை. சொல்வரிசை கூட மாறவில்லை. இத்தகைய ஒப்புமைகளைக் கண்டே கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளைத் துருக்கியமும் அடங்கிய 'சித்தியக்' குழுவோடு இணைத்தார். அந்த உறவு இன்றுவரை நிறுவப்படவில்லை. இங்கே நாம் பார்ப்பது அமைப்பு ஒற்றுமையை மட்டுமே.

2. உருபு ஏறும் முறை

தமிழில் 'வீடு' உருபேற்கும்போது 'வீட்டு' எனத் திரியும். பேட்டைப் பேச்சில் 'வூட்டுக்கு', 'வூட்ல'. துருக்கிய 'எவ்' (வீடு) திரிவதில்லை. ஆனால் உடையவனையும் தன்னோடு சுமக்கும்: எவ்+லெர்+இம்+தெ, அதாவது 'என் வீடுகளில்'. பன்மைக்கும் வேற்றுமைக்கும் நடுவே நிற்கும் 'இம்' தான் 'என்'. இரண்டாம் வேற்றுமையில் இரு மொழியும் நெருங்குகின்றன. பொதுவாகப் புத்தகம் படித்தால் உருபில்லை. குறிப்பிட்ட புத்தகம் என்றால் இரண்டிலும் உருபு வரும்.

3. உடைமை

பழந்தமிழில் எந்தை, நுந்தை, தந்தை என முறைப்பெயரே உடையவரைச் சுட்டியது. துருக்கியர் அதைப் பின்னொட்டால் செய்கிறார்கள்: பாபாம், பாபான், பாபாஸி. 'தம்பி' என்பதும் முதலில் 'அவன் தம்பி'தான். இன்று கடைக்காரர் முன்பின் தெரியாதவரையும் அப்படி அழைக்கிறார்.

4. 'ஆண்ட'

'என் அண்டை' என்பதே 'என்னாண்ட' ஆயிற்று. இடப்பெயரோடு வந்தால் அருகு என்ற பழம்பொருள் நிற்கிறது: 'டேசனாண்ட நில்லு' என்றால் ஸ்டேஷனுக்கு வெளியே, பக்கத்தில். ஆட்பெயரோடு வந்தால் அப்பொருள் தேய்ந்துவிடுகிறது. 'அவனாண்ட கேளு', 'அவனாண்டருந்து வாங்கு' என்பவற்றில் பக்கம் என்ற எண்ணமே இல்லை. இடமும் நீங்கலும் மட்டுமே எஞ்சுகின்றன. பிற ஊர்களில் 'கிட்ட' செய்யும் வேலை இது.

உடைமையிலும் நுட்பம் உண்டு. 'எனக்கு ஒரு அண்ணன் இருக்கான்' என்போம். அண்ணனை 'என்னாண்ட' என்று சொல்ல மாட்டோம். பிரியாத உறவுக்குக் குவ்வுருபு, கைப்பொருளுக்கு 'ஆண்ட'. துருக்கியரும் அண்ணனுக்கு 'இம்' ஒட்டி 'ஆபெயிம் வார்' (என் அண்ணன் உண்டு) என்கிறார்கள். கையில் இருக்கும் காசுக்குத்தான் 'தெ'.

5. முடிபு

தொல்காப்பியர் ஏழாம் வேற்றுமைக்குக் 'கண்' முதலாகத் தந்த பட்டியலில் அயல், புடை, சார் போன்ற அருகுப்பொருள் சொற்கள் இருக்கின்றன. அவை போன்ற பிறவற்றுக்கும் அவர் இடம் விட்டிருக்கிறார். 'அண்டை' அவ்வினத்தது. அதைக் கொச்சை என்று ஒதுக்க இலக்கணத்தில் காரணமில்லை. பேச்சுத்தமிழ் இலக்கணம் எழுதுவோர் 'ஆண்ட'வை ஏழாம் வேற்றுமைச் சொல்லுருபாகச் சேர்க்க வேண்டும்.