பதினெட்டு வயசு யோகோசுனா: ஜப்பான் பள்ளி சுமோவில் யார் நம்பர் ஒன்?

போன எபிசோட்ல பன்சுகே பத்தி பேசினோம். தொழில்முறை சுமோவில் ஒவ்வொரு பாஷோவுக்கும் முன்னாடி வெளியிடுற அந்தப் பெரிய தரவரிசைத் தாள். யோகோசுனா மேலே பெரிய எழுத்துல, ஜோனோகுச்சி கீழே பூதக்கண்ணாடி வெச்சுப் பார்க்கற எழுத்துல. அதைக் கேட்டுட்டு சிலர் ஒரே கேள்வியை அனுப்பியிருந்தீங்க: ஸ்கூல் பசங்களுக்கும் இப்படி ஒரு தரவரிசை உண்டா? அங்கே யார் நம்பர் ஒன்?

சுருக்கமான பதில்: பன்சுகே கிடையாது, பட்டம் உண்டு. நீளமான பதில்தான் இந்த எபிசோட். பட்டத்துக்கும் தரவரிசைக்கும் நடுவுல இருக்கற இடைவெளி ஒரு பதினெட்டு வயசுப் பையனோட வாழ்க்கையில பல மாசத்தை, சில நேரம் வருஷத்தையே, கூட்டவோ குறைக்கவோ செய்யும்.

கானாசாவா குன்று, 1915

பள்ளி சுமோவோட வரலாறு ரொம்பப் பழசு. ஜப்பான் கடலோரத்துல இஷிகாவா மாகாணம், அதோட தலைநகரம் கானாசாவா. 1915-ல இருந்து அங்கே பள்ளி மாணவர்களுக்கான சுமோ போட்டி நடக்குது. இன்னிக்கும் அந்த ஊர் உதாட்சுயாமா குன்றின் மேல இருக்கற தோஹ்யோவில், திறந்தவெளியில நடத்தறாங்க. ஆரம்பிச்ச காலத்துல இன்னிக்கு இருக்கற உயர்நிலைப் பள்ளி முறையே கிடையாது. போருக்குப் பிறகு கல்வி முறை மாறினதும் போட்டியும் உயர்நிலைப் பள்ளிப் போட்டியா மாறிச்சு. 2016-ல நூறாவது போட்டி நடந்தது.

1919-ல ஒசாகா பக்கத்துல இருக்கற சாகாய் நகரத்துல கல்லூரி மாணவர்களுக்கான தேசியப் போட்டி ஆரம்பம். 1952-ல, வயசு வித்தியாசம் இல்லாம எல்லா அமெச்சூர்களும் மோதற அனைத்து ஜப்பான் போட்டி. 1963-ல பள்ளி விளையாட்டுகளை எல்லாம் ஒரே குடைக்குள்ள கொண்டு வந்த கோடைகாலத் தேசியப் போட்டி. அதை எல்லாரும் 'இன்டர்-ஹை'ன்னுதான் கூப்பிடறாங்க.

இங்கேதான் பட்டங்கள் வருது. அனைத்து ஜப்பான் போட்டியில ஜெயிச்சா 'அமெச்சூர் யோகோசுனா'. கல்லூரிப் போட்டியில ஜெயிச்சா 'மாணவர் யோகோசுனா'. கம்பெனி அணிகள் மோதற போட்டியில ஜெயிச்சா 'கம்பெனி யோகோசுனா'. இன்டர்-ஹை தனிநபர் பிரிவுல ஜெயிச்சா 'உயர்நிலைப் பள்ளி யோகோசுனா'. தொழில்முறையில யோகோசுனா ஒரு நிரந்தரத் தகுதி, ஒருதடவை ஏறினா கீழே இறக்க மாட்டாங்க. பள்ளியில அது ஒரு போட்டியோட வெற்றியாளர் பேரு, அவ்வளவுதான்.

ஒரே நாள், ஒரே கால் வழுக்கல்

தொழில்முறையில மேல் பிரிவு வீரருக்கு ஒரு பாஷோவில் 15 நாள், 15 ஆட்டம். வருஷத்துக்கு 6 பாஷோ. ஒருநாள் கால் வழுக்கினா ஒரு தோல்வி, அவ்வளவுதான். மிச்சம் 14 நாள் இருக்கு. வருஷத்துக்கு 90 ஆட்டம் பார்த்த பிறகு இவர் யாருன்னு தெரிஞ்சிடும்.

இன்டர்-ஹையில அப்படி இல்லை. முதல்ல ஒவ்வொருவருக்கும் மூணு ஆட்டம். அதுல தேறினவங்க நாக்-அவுட்டுக்குப் போவாங்க. எடைப் பிரிவும் கிடையாது. 90 கிலோ பையன் 160 கிலோ பையனோட மோதணும். தோஹ்யோவோட விட்டம் 4.55 மீட்டர். பல ஆட்டங்கள் பத்து செகண்டுக்குள்ள முடிஞ்சிடும்.

இதைக் கணக்காப் பார்ப்போம். நாட்டுலேயே சிறந்த பையன் ஒருத்தன் இருக்கான், யாரோட மோதினாலும் ஜெயிக்கற வாய்ப்பு 80 சதவீதம்னு வெச்சுக்குவோம். பட்டத்துக்கு நாக்-அவுட்ல தொடர்ச்சியா 6 ஆட்டம் ஜெயிக்கணும்னா 0.8-ஐ ஆறு தடவை பெருக்கணும். விடை 26 சதவீதம். அதாவது நாட்டோட நிஜமான நம்பர் ஒன், நாலுல மூணு தடவை பட்டம் இல்லாமத்தான் வீட்டுக்குப் போவான். வாய்ப்பை 90 சதவீதமா ஏத்தினாக்கூட 53 சதவீதம்தான், கிட்டத்தட்ட காசைச் சுண்டற மாதிரி.

அப்ப செஸ்ல இருக்கற எலோ முறையைக் கொண்டு வரலாமேன்னு நம்ம ஆளுங்களுக்குத் தோணும். எனக்கும் முதல்ல தோணினது அதுதான். ஆர்பட் எலோன்னு ஹங்கேரியில பிறந்த அமெரிக்க இயற்பியலாளர் உருவாக்கினது. 1970-ல உலகச் செஸ் அமைப்பு அதை எடுத்துக்கிட்டது. யார் யாரை ஜெயிச்சாங்கன்னு பார்த்து, எதிராளியோட பலத்துக்குத் தக்கபடி புள்ளியைக் கூட்டிக் குறைக்கும்.

பள்ளி சுமோவில் அதுக்கு மூணு சிக்கல் இருக்கு. ஒண்ணு, ஆட்டங்கள் குறைவு. தேசிய அளவுல பெரிய போட்டிகளை விரல்விட்டு எண்ணிடலாம்: மார்ச்ல கோச்சியில தேர்வுப் போட்டி, மே மாசம் கானாசாவா, கோடையில இன்டர்-ஹை, ஆகஸ்ட்ல அமோரி மாகாணத்து தொவாடா, அப்புறம் 69 தொடர் வெற்றி கண்ட ஃபுதாபாயாமாவோட சொந்த ஊரான உசா. இதோட தேசிய விளையாட்டு விழாவோட சிறுவர் பிரிவு. ரெண்டு, வடக்கு மாகாணத்துப் பையனும் தெற்கு மாகாணத்துப் பையனும் நேருக்கு நேர் சந்திக்கறதே அபூர்வம். மூணாவதுதான் பெரிய சிக்கல். ஜப்பான்ல உயர்நிலைப் பள்ளி மூணு வருஷம். ஒவ்வொரு மார்ச்சிலயும் பலமான மூணாம் வருஷப் பசங்க மொத்தமா வெளியே போயிடுவாங்க. நம்ம டேட்டாபேஸ்ல மூணுல ஒரு பங்கு வருஷா வருஷம் அழிஞ்சிடுது. மிச்சம் இருக்கறவன் ஒரு குளிர்காலத்துக்குள்ள 20 கிலோ ஏறி வேற ஆளா வந்து நிப்பான்.

அணிப் போட்டியைச் சேர்த்தா ஆட்டங்கள் கூடும். அஞ்சு பேர் அணி, முதல் ஆள் சென்போ, கடைசி ஆள் தாய்ஷோ. ஆனா யாரை எந்த இடத்துல நிறுத்தறதுங்கறது கோச்சோட தந்திரம். அதனால மாகாணத்துலேயே ரெண்டு பலசாலிகள் ஒருத்தரை ஒருத்தர் தொடாமலேயே ஒரு வருஷம் ஓடிடும்.

பட்டம் வாங்கினவங்களும் வாங்காதவங்களும்

இனி நிஜமான ஆட்களைப் பார்ப்போம். குஷிமா கெய்தா, வாகாயாமா மாகாணத்து ஷிங்கு உயர்நிலைப் பள்ளி. 1982-ல, பள்ளியில படிச்சுக்கிட்டு இருக்கும்போதே, பெரியவங்களோட மோதி அமெச்சூர் யோகோசுனா ஆனார். பிறகு நிஹோன் பல்கலைக்கழகத்துல 28 பட்டம். எப்படித் தரவரிசை போட்டாலும் அவர்தான் மேலே இருந்திருப்பார். 1988-ல குஷிமாஉமிங்கற பேர்ல தொழில்முறைக்கு வந்தார். அவர் தொட்ட உச்சம் மாயெகாஷிரா 1. நல்ல உயரம்தான். ஆனா நாடே எதிர்பார்த்த உயரம் அது இல்லை.

மறுபக்கம் அசாஷோர்யு. 1997-ல மங்கோலியாவுல இருந்து கோச்சியில இருக்கற மெய்தொகு கிஜுகு பள்ளிக்கு வந்தவர். உயர்நிலைப் பள்ளி யோகோசுனா ஆகலை, படிப்பையும் முடிக்கலை, 1999 ஜனவரியில தொழில்முறைக்குப் போனார். 68-வது யோகோசுனா, 25 கோப்பை. அவரோட அக்கா, தங்கச்சி பிள்ளைங்க யாராவதுன்னு கேக்காதீங்க, இது அண்ணன் மகன்: ஹோஷோர்யு. மல்யுத்தம் கத்துக்க ஜப்பான் வந்து, ர்யோகோகு அரங்கத்துல சுமோ பார்த்து மனசு மாறினவர். 2017 இன்டர்-ஹையில ரெண்டாம் இடம். 2025-ல 74-வது யோகோசுனா.

பட்டம் சரியாச் சொன்ன ஆட்களும் உண்டு. சைதாமா சகாஏ பள்ளியோட கோஎய்தோ 2004-ல உயர்நிலைப் பள்ளி யோகோசுனா. பிறகு ஓசெக்கி வரைக்கும் போனார், 2016 செப்டம்பர்ல 15-0ன்னு கோப்பை ஜெயிச்சார். ஆக பள்ளிப் பட்டம் பொய் சொல்லலை, மொத்த உண்மையையும் சொல்லலை.

கதவு எங்கே திறக்குது

இதுவரைக்கும் பேசினது விசிறிகளோட வாக்குவாதம். அந்தப் பையனுக்கு முக்கியமான கேள்வி வேற: இந்தப் பட்டம் எனக்கு எந்தப் படியில இடம் வாங்கித் தரும்?

தொழில்முறை சுமோவில் ஆறு பிரிவு. மேல் ரெண்டு பிரிவு, அதாவது மகுஉச்சியும் ஜூர்யோவும், சேர்த்து 70 பேர். மாசச் சம்பளம் அவங்களுக்கு மட்டும்தான். கீழ் நாலு பிரிவுல இருக்கறவங்களுக்குச் சாப்பாடும் தங்க இடமும் உண்டு, பாஷோ நேரத்துல சின்னப் படி உண்டு, சம்பளம் கிடையாது. புதுசா வர்றவர் பன்சுகேல பேரே வராத மாஎசுமோவில் ஆரம்பிக்கணும்.

இதுல ஒரு விதிவிலக்கு சுகெதாஷி. அமெச்சூர்ல பெரிய பட்டம் ஜெயிச்சவர் நடுப்படியில இருந்து ஆரம்பிக்கலாம். 2001-ல வந்த விதிப்படி, பெரியவங்களுக்கான நாலு போட்டியில ஒண்ணை ஜெயிச்சா மகுஷிதா 15. அமெச்சூர் யோகோசுனாவோட இன்னொண்ணும் ஜெயிச்சா மகுஷிதா 10. 2015-ல, எட்டுக்குள்ள வந்தவங்களுக்கு சான்டான்மே பிரிவும் திறந்தது. அந்தப் பட்டியல்ல உயர்நிலைப் பள்ளி யோகோசுனா இல்லை. கோஎய்தோ 2005-ல மாஎசுமோவில்தான் ஆரம்பிச்சார், பதினஞ்சு வயசுல சுமோவே தெரியாம வந்த பையனோட அதே வரிசையில.

அந்தத் தகுதிக்குக் காலாவதி தேதியும் உண்டு: ஒரு வருஷம். ஹொகுதோஃபுஜின்னு ஒருத்தர், உயர்நிலைப் பள்ளி யோகோசுனா. கல்லூரியில ரெண்டாம் வருஷத்துல மாணவர் யோகோசுனாவும் ஆனார். படிப்பை முடிச்சுட்டு 2015-ல வந்தப்போ பட்டத்தோட ஆயுசு முடிஞ்சிருந்தது. ரெண்டு யோகோசுனா பட்டத்தோட மாஎசுமோவில் நின்னார். டோக்கன் எக்ஸ்பயர் ஆயிடுச்சு, திரும்ப லாகின் பண்ணுங்கன்னு சொன்ன மாதிரி.

தொத்தோரி ஜோஹோக்கு பள்ளியோட ஒச்சியாய் கதை இன்னும் தெளிவு. ரெண்டு தடவை உயர்நிலைப் பள்ளி யோகோசுனா. அதுக்குச் சலுகை ஏதும் இல்லை. பள்ளி முடிச்சு உடனே போகாம, 2022-ல கம்பெனி யோகோசுனா பட்டம் ஜெயிச்சார். இப்ப கதவு திறந்தது. 2023 ஜனவரியில மகுஷிதா 15-ல இறங்கி 7-0. ஒரே பாஷோவில் ஜூர்யோ. நாலாவது பாஷோவில், ஜூலை மாசம், ஹகுவோஹோங்கற பேர்ல மகுஉச்சி. அந்த ஒரு பட்டம் அவரை மூணு பிரிவு தாண்டி இறக்கிவிட்டது.

இதே பள்ளியோட இச்சினோஜோவுக்கு வேற சிக்கல். மங்கோலியர். ஒரு பயிற்சிக்கூடத்துக்கு ஒரே ஒரு வெளிநாட்டுக்காரர்தான்னு விதி. அவரும் 2013-ல கம்பெனி யோகோசுனா பட்டம் ஜெயிச்ச பிறகு, 2014 ஜனவரியில மகுஷிதா 15-ல ஆரம்பிச்சார். அதே வருஷம் செப்டம்பர்ல மகுஉச்சிக்கு வந்த முதல் பாஷோவிலேயே 13-2, ஒரு யோகோசுனாவையும் சாய்ச்சார்.

2023 செப்டம்பர்

ஒருவழியா 2023 செப்டம்பர்ல சுமோ சங்கம் விதியை மாத்திச்சு. புதுசா வர்ற பசங்க குறைஞ்சுக்கிட்டே வந்தாங்க. 1992 மார்ச்ல மட்டும் 160 பேர் சேர்ந்த காலம் மலையேறிப் போச்சு. 167 செ.மீ. உயரம், 67 கிலோ எடைங்கற கட்டாயத்தைத் தளர்த்தினாங்க. கூடவே சுகெதாஷியையும் திருத்தினாங்க. பெரியவங்க பட்டத்துக்கு மகுஷிதாவோட அடிமட்டம். முதல் தடவையா பள்ளிப் பசங்களுக்கும் இடம்: தேசிய உயர்நிலைப் பள்ளிப் போட்டியில முதல் நாலு பேருக்குள்ள வந்தா, ஜோனிடான் பிரிவோட அடிமட்டத்துல ஆரம்பிக்கலாம்.

கணக்குப் போட்டா மாஎசுமோ ஒரு பாஷோ, ஜோனோகுச்சி ஒரு பாஷோ, ரெண்டையும் தாண்டலாம். ரெண்டு மாசத்துக்கு ஒரு பாஷோ, ஆக நாலு மாசம் மிச்சம். 1915-ல கானாசாவாவுல தொடங்கின கணக்குக்கு 108 வருஷம் கழிச்சு தொழில்முறை கொடுத்த விலை, நாலு மாசம்.

எனக்கு இந்த விதியில பிடிச்ச விஷயம், 'முதல் நாலு பேர்'ங்கறது. ஒரே ஒரு சாம்பியனைத் தேடலை. நாக்-அவுட்ல அதிர்ஷ்டம் எவ்வளவு விளையாடும்னு தெரிஞ்சவங்க எழுதின விதி மாதிரி இருக்கு. மேலே சொன்ன 80 சதவீதப் பையனுக்கு, அரையிறுதிக்கு நாலு ஆட்டம் போதும்னா வாய்ப்பு 26-ல இருந்து 41 சதவீதமா ஏறுது.

ஆனா 18 வயசுல எடுக்க வேண்டிய முடிவு இன்னும் லேசாகலை. இப்பவே போனா நாலு மாசம் லாபம். கல்லூரிக்குப் போய் நாலு வருஷத்துல பெரிய பட்டம் ஒண்ணு ஜெயிச்சா, மகுஷிதா. முழங்கால் தாங்குமா, பட்டம் கிடைக்குமா, கிடைச்சாலும் ஒரு வருஷத்துக்குள்ள சேர முடியுமா? இஷிகாவாக்காரர் ஓனோசாதோ கல்லூரி வழியைத்தான் எடுத்தார். 2021, 2022 ரெண்டு வருஷமும் அமெச்சூர் யோகோசுனா, மகுஷிதா 10-ல ஆரம்பிச்சு 13 பாஷோவில் 75-வது யோகோசுனா. அவரைப் பார்த்து கல்லூரிக்குப் போற பசங்கள்ல எத்தனை பேருக்கு அந்தக் கதவு திறக்கும்னு எந்த எலோவும் சொல்லாது.

அதனால அடுத்த தடவை யாராவது 'பள்ளி சுமோவில் டாப் 10' பட்டியல் போட்டா, ரெண்டு கேள்வி கேளுங்க. எத்தனை ஆட்டத்தை வெச்சுப் போட்டது? அந்த இடம் அந்தப் பையனை எந்தப் படியில கொண்டுபோய் நிறுத்துது?

அடுத்த எபிசோட்ல மங்கோலியாவுல இருந்து ஜப்பான் பள்ளிகளுக்கு வந்த பசங்களோட கதையை முழுசாப் பேசலாம். கேள்வி இருந்தா அனுப்புங்க.