காற்றும் நீரும் பார்த்துக் கட்டிய வீடு

பினாங்கு ஜார்ஜ்டவுனில் லீத் தெரு வழியே போகிறவர்கள் அங்குள்ள நீல மாளிகையை ஒரு கணமாவது நின்று பார்க்காமல் போவதில்லை. 38 அறைகள், 5 முற்றங்கள், 7 படிக்கட்டுகள், 220 சன்னல்கள் கொண்ட வீடு அது. அதைக் கட்டியவர் சியோங் பாட் சீ என்னும் சீன வணிகர். 1840இல் குவாங்டோங் மாநிலத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, இளம் வயதிலேயே பத்தாவியாவுக்குக் கப்பலேறியவர். இன்று அவ்வூர் ஜகார்த்தா. பெரும் பொருள் ஈட்டிய அவர் 1893இல் பினாங்கில் சீன அரசின் துணைத் தூதரும் ஆனார்.

இந்த மாளிகை பெங் சுயி முறைப்படி எழுந்தது. பெங் என்றால் காற்று, சுயி என்றால் நீர். வீட்டின் பின்னே மலையும் முன்னே நீரும் இருக்க வேண்டும் என்பது அதன் முதல் விதி. சீனாவில் குளிர்காற்று வடக்கிலிருந்து வீசும். மலை அதைத் தடுக்கும். பினாங்கில் அப்படிப்பட்ட குளிர் ஏது? ஆயினும் விதி கப்பலேறி வந்துவிட்டது. கொடிமலை பின்னும் கடல் முன்னுமாக வீடு அமைந்தது. அதற்காகத் தெருவுக்கு நேராக நில்லாமல், சற்றே திரும்பியும் நிற்கிறது.

நடு முற்றத்தைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். கூரை நீர் அங்கே இறங்குகிறது. நீர் என்றால் செல்வம். ஆகவே வீட்டுக்குள் வந்த பின்பே அது வெளியேற வேண்டும் என்பது நம்பிக்கை. கருங்கல் தளம் நனைந்து குளிர, வெப்பக் காற்று மேலே போய்விடுகிறது. நம் செட்டிநாட்டு வீடுகளின் முற்றமும் இதே வேலையைச் செய்கிறது. நம்பிக்கையை ஒதுக்கிவிட்டாலும் குளிர்ச்சி மிஞ்சுகிறது என்பது என் கருத்து.

சுவரின் நீலம் சுண்ணாம்பில் அவுரிச் சாயம் கலந்தது. அச்சாயம் இந்தியாவிலிருந்து வந்தது. சியோங் 1916இல் காலமானார். கடைசி மகன் உள்ளவரை வீட்டை விற்கக் கூடாது என்பது அவர் உயில். அம்மகன் 1989இல் மறைந்த பின், சிதைந்து கிடந்த வீட்டைக் கட்டடக் கலைஞர் லாரன்ஸ் லோவும் நண்பர்களும் வாங்கிச் செப்பனிட்டனர். 2000இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது.

இந்த மாளிகை எழுந்த காலத்தில் நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நம் முன்னோர் பலரும் பினாங்கில்தான் வந்திறங்கினர். ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்புக்காக அடைபட்டிருந்து, பிறகு தோட்டங்களுக்குப் போனார்கள். அங்கே லயங்கள் நூல் பிடித்தாற்போல் வரிசையாக நின்றன. பழைய லயங்கள் சிலவற்றில் வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டியிருந்தன. பின்சுவரில் சன்னலுக்கு இடமில்லை. முன்வாசலில் நுழைந்த காற்று அதே வாசலில்தான் திரும்ப வேண்டும். வாசல் எத்திசை நோக்கட்டும் என்று குடியிருக்க வந்தவர்களை எவரும் கேட்கவில்லை. பின்னாளில் அவர்களே பலகையும் தகரமும் தேடி வாங்கி, முன்புறம் ஓர் அஞ்சடி இறக்கி, மாலையில் காற்றாட உட்கார இடம் செய்துகொண்டார்கள்.