மகளிர்க்கு ஓர் இடம்: சென்னை மாகாணத்தில் தொடங்கிய வழக்கு

பெண்டிரும் அரசியலும் என்று எழுதப் புகுவோர், அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையையும் மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாளையும் முதற்கண் வணங்கிவிட்டு மேலே செல்வது நம் மலர்களில் மரபாகிவிட்டது. அவர்தம் பெருமையில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் ஔவைக்குப் பின் அவ்விடத்துக்கு மற்றொரு பெண் வருவாள் என்று எந்த முறையும் இருந்ததில்லை. கட்சி, தேர்தல், சட்டமன்றம் என்னும் இக்காலத்து அரசியலில் பெண்ணுக்கு இடம் எவ்வாறு அமையும் என்பது வேறு வினா. அவ்வினாவை முன்னிட்டு நம் பகுதிப் பெண்மணிகள் இருவர் எதிரெதிர் நிலையில் நின்ற வரலாறு ஒன்று உண்டு. அதனையே ஈண்டுக் கூற விழைகின்றோம்.

1917-இல் சென்னை அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. அன்னி பெசண்ட் தலைவராக விளங்க, மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராசதாசர் ஆகியோர் அதனை நடத்தினர். அவ்வாண்டு டிசம்பரில் இந்தியச் செயலர் மாண்டேகு சென்னைக்கு வந்தபோது, சரோஜினி நாயுடு தலைமையில் பெண்டிர் குழுவொன்று அவரைக் கண்டு வாக்குரிமை கேட்டது. 1919-ஆம் ஆண்டுச் சட்டம் அக்கோரிக்கையை ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை. முடிவு செய்யும் பொறுப்பை அந்தந்த மாகாண மன்றத்திடமே விட்டுவிட்டது. நீதிக்கட்சி ஆட்சியிலிருந்த சென்னை மாகாண மன்றம் 1921-இல் பெண்டிர்க்கு வாக்குரிமை வழங்கித் தீர்மானம் நிறைவேற்றிற்று. சொத்துத் தகுதி உடையார்க்கே வாக்கு என்பதால் பயன் பெற்றோர் சிலரே. வாக்களிக்கலாம், ஆனால் மன்றத்தில் அமரலாகாது என்ற நிலையும் 1926 வரை நீடித்தது.

அத்தடை நீங்கிய ஆண்டிலேயே கமலாதேவி சட்டோபாத்தியாயர் மங்களூர்ப் பகுதியிலிருந்து போட்டியிட்டு, மிகக் குறைந்த வாக்கு வேறுபாட்டில் தோற்றார். மன்றத்துக்குள் முதலில் நுழைந்தவர், புதுக்கோட்டையில் பிறந்து 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறிய டாக்டர் முத்துலட்சுமி அம்மையார். அவர் தேர்தலில் நின்றவர் அல்லர். அரசின் நியமனம் பெற்றவர். 1927-இல் மன்றத்தின் துணைத் தலைவராக அவரை உறுப்பினர் ஒருமனதாகத் தெரிந்தெடுத்தனர். கோயில் ஊழியத்துக்காக விடப்பட்ட மானிய நிலங்களை அவ்வூழியம் செய்த பெண்டிர்க்கே உரிமையாக்கி, ஊழியக் கட்டாயத்தை நீக்கும் திருத்தத்தை 1929-இல் நிறைவேறச் செய்தார். பொட்டுக் கட்டுதலையே தடுக்கும் சட்டம் 1947 வரை காத்திருக்க நேர்ந்தது. 1930-இல் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து அம்மையார் பதவி துறந்து வெளியேறினார்.

அதே ஆண்டின் இறுதியில் இலண்டனில் முதல் வட்டமேசை மாநாடு கூடிற்று. காங்கிரஸ் அதனைப் புறக்கணித்தது. அங்கே அமர்ந்த பெண்மணிகள் இருவர்: ஒருவர் பஞ்சாபைச் சேர்ந்த பேகம் ஷா நவாஸ், மற்றவர் திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் சமீன் குடும்பத்து இராதாபாய் சுப்பராயன். இவருடைய கணவர் டாக்டர் சுப்பராயன், முத்துலட்சுமி அம்மையார் மன்றத்திலிருந்த காலத்தில் மாகாணத்தின் முதலமைச்சர். திறந்த போட்டியில் பெண்டிரை நிறுத்த ஆடவர் முன்வரார் என்றும், முதல் சில தேர்தல்களுக்கேனும் பெண்டிர்க்கெனச் சில இடங்களை ஒதுக்க வேண்டும் என்றும் இராதாபாய் வாதிட்டார்.

இதனை மாதர் சங்கங்கள் ஏற்கவில்லை. வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்கு வேண்டும், ஆணோடு சமமாக நின்று போட்டியிடுவோம், சலுகை வேண்டா என்பது அவற்றின் உறுதியான நிலை. 1933-இல் பாராளுமன்றக் கூட்டுக் குழுவின் முன் இக்கருத்தைச் சொல்ல இலண்டன் சென்ற மூவருள் முத்துலட்சுமி அம்மையாரும் ஒருவர். நியமனத்தால் மன்றம் புகுந்தவரே ஒதுக்கீட்டை எதிர்த்தது முரணன்றோ என்று சிலர் கேட்கலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. ஒதுக்கீடு வந்தால் அது சமய அடிப்படையில் பிரித்தே வரும், பெண்டிரின் ஒற்றுமை அதனால் குலையும் என்னும் அச்சம் அன்று பொய்யானதன்று. 1935-ஆம் ஆண்டுச் சட்டம் சென்னைச் சட்டமன்றத்தின் 215 இடங்களில் பெண்டிர்க்கு ஒதுக்கியவை 8; அந்த எட்டையும் பொது, முஸ்லிம், கிறித்தவர் என்று கூறு போட்டே கொடுத்தது. சங்கங்கள் அஞ்சியபடியே நடந்தது. எனினும் 1937-இல் ஒரே நாளில் ஒரு பெண் குழு மன்றத்துள் நுழைந்ததும் அவ்வேற்பாட்டினால்தான். வேதாரண்யம் உப்பு அறப்போரில் சிறை சென்ற ருக்மிணி லட்சுமிபதி அவ்வாண்டு துணைச் சபாநாயகர் ஆனார். 1946-இல் பிரகாசம் அமைச்சரவையில் நலவாழ்வுத் துறையை ஏற்றார். நீலன் சிலைப் போராட்டத்தில் சிறுமியான மகளுடன் சிறை புகுந்த கடலூர் அஞ்சலையம்மாளும் 1937-இல் சட்டமன்றம் சென்றார்.

சிறை என்றதும் சொல்ல வேண்டிய செய்தி ஒன்றுண்டு. போராட்டக் களத்தில் பெண்டிரைக் கட்சிகள் பெரும்பாலும் வரவேற்றே வந்தன. 1938 நவம்பர் 13 அன்று சென்னையில் மறைமலையடிகளாரின் மகளார் நீலாம்பிகை அம்மையார் தலைமையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடியது; ஈ. வெ. இராமசாமி அவர்களைப் 'பெரியார்' என்று அழைக்கத் தீர்மானித்தது அம்மாநாடே. மறுநாளே இந்தி எதிர்ப்பு மறியலில் டாக்டர் தருமாம்பாள், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் முதலியோர் கைதாயினர். கைக்குழந்தைகளோடு சிறை சென்றவர்களும் அப்போராட்டத்தில் உண்டு. இராமாமிர்தம் அம்மையார் அதற்கு முன்பே திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்து வந்த தமிழர் படையுடன் ஊர் ஊராக நடந்தவர்; மன்றத்தில் முத்துலட்சுமி அம்மையார் வாதிட்ட அதே கொடுமையை எதிர்த்துத் தஞ்சைச் சிற்றூர்களில் தெருவில் நின்று பேசியவர். காங்கிரஸ், சுயமரியாதை இயக்கம், பின்னர்த் திராவிட முன்னேற்றக் கழகம் என மூன்றிலும் உழைத்தார். 1989-இல் அரசின் திருமண உதவித் திட்டமொன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. ஆனால் சட்டமன்றத்தில் அவர் அமர்ந்ததில்லை.

விடுதலைக்குப் பின் இயற்றிய அரசியலமைப்பில் மகளிர்க்கான இடங்கள் இல்லை. வேண்டா என்று சொன்னவர்களுள் அவையிலிருந்த பெண் உறுப்பினர்களும் இருந்தனர். அனைவர்க்கும் வாக்கு வந்துவிட்டது, இனி இடம் தானாக வரும் என்று அவர்கள் நம்பினர். இங்கு ஒரு வேடிக்கை: ஒதுக்கீடு கேட்ட இராதாபாயின் மகளார் பார்வதி கிருஷ்ணன், கம்யூனிஸ்ட் கட்சியின் சார்பில் கோயம்புத்தூர்ப் பொதுத் தொகுதியில் 1957, 1974, 1977 என மும்முறை நாடாளுமன்றத்துக்கு வென்றார். தாயின் வாதத்தை மகளின் வெற்றி பொய்யாக்கிற்று என்று கொள்ளலாமா? அத்தகைய ஒருவரைச் சுட்டிக் காட்டிய கட்சிகள் அடுத்தவரைத் தேடவில்லை என்பதே நாம் கண்டது. காமராசர் அமைச்சரவையில் லூர்தம்மாள் சைமன், அண்ணா அமைச்சரவையில் சத்தியவாணி முத்து என ஒவ்வோர் அமைச்சரவையிலும் ஒருவர் என்பது எழுதாத விதியாயிற்று. சத்தியவாணி முத்து ஒடுக்கப்பட்ட மக்களுக்குரிய பங்கு கிட்டவில்லை என்று 1974-இல் தம் கட்சியை விட்டு வெளியேறித் தனிக்கட்சி கண்டார். ஒற்றை இடத்தில் அமர்ந்தவர் அவ்விடத்தையும் துறந்து செல்ல எத்துணை நெஞ்சுரம் வேண்டும்!

கீழ்நிலை மன்றங்களில் நடந்தது வேறு கதை. 1957-இல் பல்வந்தராய் மேத்தா குழு, ஊராட்சி அமைப்புகளில் பெண்டிர் இருவரைச் சேர்த்துக் கொள்ளலாம் என்றது. 1974-இல் மகளிர் நிலை ஆய்ந்த குழுவின் பெரும்பான்மையினர் சட்டமன்ற ஒதுக்கீட்டை மறுத்தபோது, வீணா மசூம்தார், லோதிகா சர்க்கார் ஆகியோர் மாற்றுக் கருத்து எழுதினர். வெறும் சமத்துவம் என்னும் சொல்லால் இடம் கிடைக்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டனர். பெங்களூர்த் தமிழர் நேரில் கண்டிருப்பர்: கர்நாடகத்தில் நான்கில் ஒரு பங்கு மகளிர்க்கு என்ற சட்டத்தின்படி 1987-இல் தேர்தல் நடந்தது. அரசியலமைப்பின் 73, 74-ஆம் திருத்தங்களுக்குப் பின், 1996-இல் தமிழகத்திலும் மூன்றில் ஒரு பங்கு உள்ளாட்சி இடங்களும் தலைமைப் பதவிகளும் மகளிர்க்குரியவாயின.

அவ்வாறு வந்தவர் அனைவரும் கணவர் சொல்லுக்குக் கையொப்பமிடும் பொம்மைகள் என்று பேசுவது எளிது. அத்தகையோரும் இருந்தனர், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மதுரை வில்லாபுரத்தில் 1996-இல் மாமன்ற உறுப்பினராக வென்ற லீலாவதியை எண்ணிப் பாருங்கள். தம் பகுதி மக்களுக்குக் குழாய் நீர் வர வேண்டுமென்று அவர் போராடினார். தண்ணீரை விற்றுப் பிழைத்தோர்க்கு அது பொறுக்கவில்லை. 1997 ஏப்ரலில் பட்டப்பகலில் நடுத்தெருவில் அவர் வெட்டிக் கொல்லப்பட்டார். பொம்மையை எவரும் கொல்ல வருவதில்லை. இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2020-இல், கடலூர் மாவட்டத்துத் தெற்குத்திட்டை ஊராட்சியில் பட்டியல் வகுப்பைச் சேர்ந்த தலைவி தரையில் அமர, ஏனையோர் நாற்காலியில் அமர்ந்திருந்த படத்தை நாடே கண்டது. சட்டம் பதவி தந்தது. நாற்காலி தர ஊர் மறுத்தது.

2016-இல் தமிழகம் உள்ளாட்சியில் மகளிர் பங்கைப் பாதியாக உயர்த்திற்று. ஒதுக்கீடு இல்லாத சட்டமன்றத்துக்கு 2021-இல் 234 பேருள் பெண்டிர் 12 பேரே வென்றனர். இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குங்கால் இராதாபாயின் கணிப்பைப் புறந்தள்ள நம்மால் இயலவில்லை. பிற மாநிலங்களில் வாழும் நம்மைப் போன்றோரின் சங்கங்களிலும், குத்துவிளக்கேற்றவும் வாழ்த்துப் பாடவும் மகளிரை முன்னிறுத்தும் நாம், செயற்குழுத் தேர்தலில் எத்தனை பெயரை முன்மொழிந்தோம் என்று எண்ணிப் பார்த்தால் கட்சிகளைக் குறை கூறும் குரல் சற்றுத் தாழும்.

2023 செப்டம்பரில் மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு என்ற சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பின்னரே நடைமுறைக்கு வரும் என்றும், வந்த நாளிலிருந்து 15 ஆண்டுகளுக்கு என்றும் அதில் எழுதினர். 1930-இல் இலண்டனில் இராதாபாய் கேட்டதும் ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே.